நான்காவது ஆணி

பழைய நிலப்படத்தை
செயற்கைக்கோள் படத்தின்மேல் விரித்தால் பொருந்தாது.
நாலு மூலையிலும் ஆணி அடிக்க வேண்டும்.
ஆணி என்றால் மவுஸில் ஒரு சொடுக்கு.

ராயபுரம் ரயில் நிலையத் தூண் ஒன்று.
மாதா கோயில் கோபுரம்.
கல்மண்டபம் பக்கம் ஒரு முச்சந்தி,
நல்லவேளை, இன்னும் முச்சந்தியாகவே இருக்கிறது.
நான்காவது,
'உப்புக் கிடங்கு, கிணறு' என்று
வெள்ளைக்காரன் சாய்த்து எழுதிய இடம்
திரையில் கடல்.

நீலத்தில் உத்தேசமாக ஒரு சொடுக்கு.
பிழை நாற்பத்தேழு மீட்டர்.
"அத தூக்கிடுங்க மேடம், மூணே போதும்"
என்றான் இர்ஃபான்.
தூக்கினேன். பிழை பூஜ்யம்.
மூன்று ஆணிக்கு எப்போதும் பூஜ்யம்தான்.
காசிமேட்டில் ஒரு தெரு முழுக்க
மதிலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மீன்பிடித் துறைமுகம்,
ஐஸ் பெட்டிமேல் மடிக்கணினி.
தேசப்பனுக்கு என் வயதுதான் இருக்கும்.
படகிலிருந்து தன் ஜிபிஎஸ்ஸை எடுத்து வந்தார்,
பொத்தானெல்லாம் உப்புப் பூத்து.
வலை கிழிந்த இடங்களில் ஒரு மண்டையோடு வைத்திருக்கிறார்.
"இங்க கல்லு கீது.
எங்கப்பன் வலையும் இதுலதான் போச்சு."

எண்களைத் தட்டினேன்.
பிழை ஆறு.

கிணறா, கிடங்குச் சுவரா,
அலைக்குக் கொட்டின பாறையா,
மென்பொருளுக்குத் தெரியாது. எனக்கும்.
அறிக்கையில் 'ஆதாரம்' என்ற கட்டத்தில்
கிழிந்த வலை, இரண்டு
என்று எழுதி வைத்தேன்.

தேசப்பன் திரையில் குனிந்து
சாய்ந்த எழுத்தைத் தொட்டுக் கேட்டார்:
"அந்தக் கெணத்துல
நல்ல தண்ணியான்னு போட்டுக்குதா?"