ஐம்பதில் நாற்பத்தாறு

ஞாயிறு மதியம் வல்லத்திலிருந்து வருவார்.
சட்டையில் மருந்து வாசம்.
துணிப்பையில் ஐம்பது வெற்றுத் தோட்டாக்கூடு,
ஒவ்வொன்றின் வாயிலும் கொஞ்சம் செம்மண்.
"பாத்து வையி" என்பார்,
இலை போடச் சொல்வதுபோல.

கேப்பைத் தட்டி எடுத்தால்
அந்தக் குழிக்குள் கரி.
ஈர்க்குச்சியால் சுரண்டுவேன்.
பிறகு புளித்தண்ணீர், ஒரு கை கல்லுப்பு.
பித்தளை எதுவானாலும் புளிக்குப் பணியும்,
பூக்காரத்தெரு மாதா கோயில் மெழுகுவர்த்தித் தாங்கியும்
குண்டு போன கூடும்
அதற்கு ஒன்றுதான்.
கால்மணி நேரம். மேலே விட்டால்
துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் நிற்கும்,
வெட்கப்பட்டதுபோல் சிவந்து.
பார்க்க அழகு. பலம் இருக்காது.
சீரியல் பார்த்துக்கொண்டே ஒருதரம் மறந்துபோனேன்,
முப்பது கூடு வீண்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

காய்ந்ததும் நாலைந்தை உள்ளங்கையில் போட்டுக் குலுக்குவேன்.
நல்லது கணீரென்னும்.
கழுத்து விண்டது சொத்தென்னும்.
பானை தட்டி வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.
அப்புறம் லென்ஸ், டார்ச்.
கடைசியில் கம்பி:
ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து
வாய்வழியே அடிவரை இறக்கி
உட்சுவரைத் தடவி மெல்ல மேலே இழுக்க வேண்டும்.
வழவழவென்று வந்தால் சரி.
அடியிலிருந்து அரை விரற்கடை உயரத்தில்
கம்பி ஒரு கணம் தயங்கினால்
அங்கே ஒரு வளையம் மெலிந்திருக்கிறது.
வெளியே பளபளப்புதான்.
அடுத்த வெடிக்கு அங்கேதான் அறும்,
தீ பின்னால் வரும், முகத்துக்கு.

முன்பு அவரே செய்த வேலை.
அறுபத்தொன்றில் கண் இப்படி ஆகிவிட்டது:
நூறு மீட்டர் தள்ளிக் கறுப்பு வட்டம் துல்லியம்,
கையில் இருப்பது கலங்கல்.
கண்ணாடி மாற்ற வேண்டும் என்பார்.
நானும் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறேன்
என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வாரம் நான்கு தேறவில்லை.
மூன்றுக்குத் தலையாட்டினார்.
நாலாவதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி
"இது இன்னும் ஒரு தடவ தாங்கும்" என்றார்.

எனக்குத் தெரிந்த வாக்கியம்.
பொதுப்பணித்துறை நோட்டில்
பச்சை மையில் பார்த்தது.
அந்த ஐப்பசியில் லஸ்கர் கலியமூர்த்தி
மழையோடு வந்து வாசலில் நின்றார்.
"வெளிய புல்லு பச்சையாத்தான் இருக்கு சார்.
உள்ள பூரா நண்டு வளை.
கால வச்சா பொதபொதங்குது."
இவர் ஜீப்பில் போனார்.
கரைமேல் நின்று பார்த்தார்.
புல் பச்சையாகத்தான் இருந்தது.
மூன்றாம் ராத்திரி
நூற்றெழுபது ஏக்கர் சம்பா, தூர்கட்டிய பயிர்,
தண்ணீருக்கு அடியில்.
ஆள் சேதமில்லை என்று அறிக்கை.
கலியமூர்த்தியின் இரண்டு ஆடுகளுக்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

நான் எதையும் எடுக்கவில்லை, குறட்டைத் தவிர.
கூட்டின் வாயை அதில் கொடுத்து
அழுத்தினேன்.
பித்தளை நசுங்கும் சத்தம் சின்னது,
பாக்கு கடிபடுவதுபோல.

"நாப்பத்தாறா?"
"நாப்பத்தாறு."

கொல்லைக்குப் போய்க் கை கழுவினார்.
வெகுநேரம் கழுவினார்.
திரும்பி வந்து எதிரே தரையில் உட்கார்ந்து
கம்பியைக் கேட்டார்.
ஒதுக்கிய மூன்றில் ஒன்றை எடுத்து
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
கண்ணை மூடிக்கொண்டு
உள்ளே இறக்கினார்.

மேலே இழுக்கையில் கை நின்றது.

மறுபடி இறக்கி இழுத்தார்.
மறுபடியும்.
அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது.
நான் எழுந்திருக்கவில்லை.