வினைமுற்று

தாய்மொழிப் பாடவேளை மணி அடித்ததும்
வகுப்பு மூன்றாகப் பிரியும்.
சீனப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே.
மலாய்ப் பிள்ளைகள் பக்கத்து அறைக்கு.
என் ஒன்பது பேர்
நான்காம் மாடியின் கடைசிக்கு,
கால் உடைந்த நாற்காலிகளும்
சாரணர் கூடாரங்களும்
எங்களுக்கு முன்பே குடியேறிய அறைக்கு.

புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில்
அந்தச் சுவரை உரசாத குறையாகத் திரும்பும்.
சன்னலைச் சாத்தினால் வெந்துபோவோம்.
திறந்தால் வண்டி உள்ளே வரும்.

தமிழுக்கு ஒரு குணம்:
என்ன நடந்ததென்று
கடைசிச் சொல்லில்தான் சொல்லும்.
'பூனை அடுப்படியில் இருந்த பாலை…'
வண்டி.
குடித்ததா, கொட்டியதா,
முகர்ந்துவிட்டுப் போனதா,
பின்வரிசைக்குத் தெரியாது.

பின்வரிசை என்றால் ஹம்தான்.
ஆறு மாதமாக அவன் கட்டுரைகளில்
மாமா கடைக்கு. மழை திடீரென்று. அம்மா என்னை.
யாரும் எதையும் செய்து முடிப்பதில்லை.
சிவப்பு மையில் எழுதினேன்:
வினைமுற்று எங்கே?
பெற்றோர் சந்திப்பில் சொன்னேன்:
கவனம் போதாது, வீட்டில் தமிழ் பேசுங்கள்.
"வீட்ல தமிழ்தான் டீச்சர்" என்றார் அவன் அத்தா,
ஏதோ தப்புச் செய்தவர்போல.

ஆகஸ்டில் ஒரு வியாழன்,
சுமத்ராப் பக்கமிருந்து வந்த மழை.
கூரை ஒழுகியது, சரியாக அவன் மேசைமேல்.
வாளி அவன் இடத்தில் உட்கார்ந்தது.
அவன் முன்வரிசையில், தருணிகாவுக்கு அருகே.
அன்று சொல்வதெழுதுதல்.
பதினைந்துக்குப் பதினான்கு.
"பார்த்து எழுதினியா?"
கேட்டேன். மறைக்கப் போவதில்லை.
தருணிகாவுக்குப் பதினொன்று.

எல்லோரும் போனபின்
வாளியை நகர்த்திவிட்டு
அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.
முழங்கால் மேசையில் இடித்தது.
மழை விட்டு வந்த வெயில்
எதிர் புளோக்கின் கண்ணாடியில் பட்டு
வெண்பலகையில் என் எழுத்தைப் பாதி தின்றிருந்தது.
கைப்பேசியில் பதிந்திருந்த என் பாடத்தை
முன் மேசையில் ஓடவிட்டுக் கேட்டேன்.
இவ்வளவு மெல்லவா பேசுகிறேன்?

பழுதுப் படிவத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம்.
கூரை, என்று எழுதினேன்.
ஓரத்தில் நெருக்கி
ரயிலையும் வெயிலையும் நாற்காலியையும்.
என்னை எழுதவில்லை.

அவன் நோட்டு மேசையிலேயே கிடந்தது,
ஓரம் நனைந்து,
சிவப்பு மை லேசாகக் கசிந்து:
வினைமுற்று எங்கே?
சன்னலுக்கு வெளியே
அடுத்த வண்டி
திரும்பிக்கொண்டிருந்தது.