வரவு, பற்று

மண்டியில் மீந்துபோன கணக்கு நோட்டு.
சீசன் முடிந்த ஆடியில்
அப்பா கொண்டுவந்து போட்டது.
நீளத் தாள், நடுவே சிவப்புக் கோடு,
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று
அச்சடித்தே இருந்தது.
இருநூறு பக்கத்தில் ஏழு பக்கம்தான்
செந்தூராவும் பெங்களூராவும் தின்றிருந்தன.
மீதியில் நான் நர்ஸிங் படிக்கிறேன்.

வரவில் வகுப்பு.
மேடம் சொல்வதையெல்லாம் எழுதினால்
கைதான் வலிக்கும், ஒன்றும் நிற்காது:
முதல் இன்டர்னலில் முப்பத்தொன்று வாங்கிக் கற்றது.
இப்போது பேனாவை மூடிக் கேட்கிறேன்.
மணி அடித்த பிறகு ஐந்தே வரி.
அந்த ஐந்துக்குள் வராதது
எனக்கு இன்னும் புரியாதது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில்
காவேரிப்பட்டணத்தில் நோட்டை மூடினால்
டேம் பிரிவு ரோட்டுக்குள்
கபால நரம்பு பன்னிரண்டும் வந்துவிட வேண்டும்.
ஒன்பதாவது மட்டும்
எங்கோ நடுவழியில் இறங்கிவிடுகிறது,
டிக்கெட் எடுக்காதவன் போல.

மாதேஸ்வரி வேறு மாதிரி.
தளிப் பக்கத்திலிருந்து வந்தவள்,
ஹாஸ்டலில் எனக்கு எதிர்க் கட்டில்.
எழுதுவதே இல்லை, வரைகிறாள்.
இதயம் அவளுக்கு நான்கு அறை வீடு,
ஒரு கதவு சரியாகச் சாத்தாது.
துவைக்கும் கல்லருகே சோப்புக் கையோடு நின்று
எனக்கு அதை நடத்துவாள்.
நான் தப்பு கண்டுபிடிக்கும்வரை படிப்பது அவள்,
கண்டுபிடித்த பிறகு நான்.

பற்றில் வார்டு.
முதல் பதிவு:
பெட் பதினாறு. திம்மராயன், லாரி கிளீனர், இடது தொடை எலும்பு.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
வலி எவ்வளவு என்று கேட்டேன்.
"தொப்பூர் எறக்கத்துல பிரேக் புடிக்கலன்னா
எவ்வளவோ அவ்வளவு."
சார்ட்டில் எட்டு என்று போட்டேன்.
நோட்டில் தொப்பூர்.

ஆறாவது பதிவை அடிக்கவில்லை,
அடிக்கவும் மாட்டேன்.
பெண்கள் வார்டு, முனிரத்னம்மா,
ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள்.
வலிக்குதாம்மா என்றேன்.
ஃபேனைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தார்.
பூஜ்யம் என்று எழுதிவிட்டு
அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

சாயங்காலம் மாதேஸ்வரி டியூட்டி.
பெட்ஷீட்டை நீவிக்கொண்டே,
எதையும் எழுதாமல்,
"எல்லி நோவு?" என்றாளாம்.
அந்த அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து
தையலுக்குப் பக்கத்தில் வைத்து
விடவே இல்லையாம்.
தொட்டால் சுட்டதாம்.
டாக்டர் வந்து, கட்டுப் பிரித்து,
சீழ் எடுத்து, மருந்து மாற்றி,
ராத்திரி பத்து மணிக்கு அவள் அறைக்கு வந்து
இதையெல்லாம் சொன்னபோது
நான் வலியின் வகைகளைப்
பச்சை மையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

நோவு எங்களுக்கும் தெரிந்த சொல்தானே
என்றேன்.
கேட்டிருக்கலாமே என்றாள்.
கோபமாகச் சொல்லவில்லை.
ஈரத் துண்டை ஜன்னலில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

விளக்கணைக்கும் முன்
வலி, நோவு, நொப்பி
மூன்றையும் ஒரே வரியில் எழுதினேன்.
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
சிவப்புக் கோட்டின் மேலேயே.

சனிக்கிழமை வீட்டில்
அப்பா விரலை நாக்கில் தொட்டுப்
பக்கம் பக்கமாகப் புரட்டினார்,
மண்டிப் பழக்கம்.
"பற்றுதான் அதிகமா இருக்கு" என்றார்.

நோட்டைப் பிடிங்க, சொல்றேன், சரியா பாருங்க என்றேன்.
என் இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் புரியாது,
ஆனாலும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.
முதல் நரம்பு. தலையாட்டினார்.
இரண்டு, மூன்று, எட்டு வரை.
ஒன்பதில் நான் நின்றுவிட்டேன்.
அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார்.