நெத்தலி, ஐம்பது தரம்

கோப்பாயில் பயிற்சியின் மூன்றாம் நாள்
ஆளுக்கொரு முகக்கண்ணாடி தந்தார்கள்.
தாளுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்,
தாளைப் பார்க்க வேண்டாம்,
கண்ணாடியைப் பார்த்து
இடது கையால் உங்கள் பெயரை எழுதுங்கள்.

பதினாறு வருடம் கரும்பலகையில்
நூல் பிடித்ததுபோல் எழுதிய கை என்னுடையது.
கேதாரகௌரி.
முதல் எழுத்திலேயே
இரட்டைக் கொம்பு நழுவி
'க'வுக்குப் பின்னால் போய் நின்றது.
இழுத்துவரப் போனேன், பென்சில்
இன்னும் தூரப் போயிற்று.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நானும்தான்.

"இரண்டு நிமிடம் முடிஞ்சுது.
இன்னும் பேரே எழுதேல்லையோ?
கவனம் போதாது" என்றார் விரிவுரையாளர்,
வேண்டுமென்றே,
வகுப்பில் நாங்கள் சொல்லுகிற அதே குரலில்.
அதன்பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்.

ஜெனோசன் அப்போதுதான் ஞாபகம் வந்தான்.

மாதகல். மூன்றாம் வகுப்பு.
சொல்வதெழுதலில் 'நெத்தலி' சொன்னேன்.
கடற்கரைப் பிள்ளைகள், தெரிந்த சொல் என்று
இரக்கப்பட்டுத்தான் சொன்னேன்.
அவன் 'ந' போட்டு
அதற்குப் பிறகு கொம்பு போட்டான்.
ஐம்பது தரம் எழுதிக்கொண்டு வா.

எழுதிக்கொண்டு வந்தான்.
ஒரு இடத்திலும் அழித்த கறை இல்லை.
மீன் காயப் போட்டதுபோல் வரிசை வரிசையாய்
ஐம்பது தரமும்
முதலில் 'ந', பிறகு கொம்பு.
ஐம்பதுக்கும் சிவப்பால் பிழை போட்டேன்.
முப்பத்தெட்டிலோ என்னவோ பேனை காய்ந்தது.
பக்கத்து வகுப்பில் போய்
வேறொரு பேனை வாங்கிவந்து
மிச்சத்தையும் போட்டேன்.

வாயில் முதலில் பிறப்பது 'ந்'.
'எ' அதற்குப் பிறகுதான்.
காது கேட்ட ஒழுங்கில் அவன் எழுதியிருக்கிறான்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு
ஒரு கண்ணாடியும் ஒன்பது வருடமும் தேவைப்பட்டன.
எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான் என்று
பிறகு ஒருநாள் யாரோ சொன்னார்கள்.
இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை.

விசேட கல்வி அலகுக்கு
நானாக எழுதிக் கொடுத்தேன் என்றால்
ஒருவரும் நம்புவதில்லை.
"புலமைப்பரிசில் வகுப்பை விட்டிட்டு
இதென்ன, தண்டனை இடமாற்றமோ?"
அதிபர் தந்தது
கரப்பந்து வலையும் உடைந்த கதிரைகளும் கிடந்த அறை.
கழுவிக் கழுவியும்
மழை நாளில் பழைய பந்து மணக்கும்.
ஏழு பிள்ளைகள்.

மிதுசனாவின் அம்மா
பள்ளிக்கூடம் விட்டு, எல்லோரும் போனபிறகுதான் வருவா.
சைக்கிளை மதிலுக்கு அங்கால் நிறுத்துவா.
"வெளியில சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர்,
இவளுக்குக் கீழ இன்னொருத்தி இருக்கிறாள்."
என்ன பதில் சொல்வதென்று பயிற்சியில் சொல்லித் தரவில்லை.
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

தட்டில் செம்மண் பரப்பி
விரலால் எழுதுகிறோம்.
நேற்று மிதுசனா விரலை எடுத்துவிட்டுக் கேட்டாள்:
"பிறகு சொல்லுற சத்தம்
ஏன் ரீச்சர் முன்னுக்கு நிக்குது?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.
பதினாறு வருடத்தில்
வகுப்பில் முதல் தடவை.
அவளுக்கு அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.
"ரீச்சருக்கும் தெரியாதாம்" என்று
மற்ற ஆறு பேருக்கும் போய்ச் சொன்னாள்.

பிறகு ஒரு வழி பார்த்தோம்.
முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விடு.
'ந' எழுது.
அதற்குப் பிறகு
பிந்தி வந்த கொம்பைக் கூட்டிவந்து
விட்ட இடத்தில் இருத்து.
நான்கு தரம் சரியாய் வந்தது.

இன்றைக்கு வரவில்லை.
இடம் விட்டாள், 'ந' எழுதினாள்,
கொம்பை மறந்து யன்னலைப் பார்த்தாள்.
வேலியில் ஒரு ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது,
நானும் பார்த்தேன்.
மணி அடித்தது.

மற்றத் தட்டுகளைக் குலுக்கிச் சமப்படுத்தினேன்.
அவளுடையதை அசைக்காமல்
மேசையில் விட்டுப் பூட்டினேன்.
விடிந்தால் வருவாள்,
இடம் அப்படியே கிடக்கும்.