வாளியில் நீலம்

கல்லை நான்தான் வைத்தேன்.
பத்து ஃபெரிங்கி கரையில் கிடைத்தது.
ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம்
நான் தடவிப் பார்க்காத பக்கம்.
தொட்டிக்கு அழகாய் இருக்கும் என்று பட்டது.
இருந்தது, நான்கு நாள்.

ஐந்தாம் நாள் விடியலில்
பாயான் லெப்பாஸ் இரவு வேலை முடிந்து
ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பார்க்கிறேன்:
பொட்டலத்தின் இடுப்பில் இரண்டு செதிலைக் காணோம்.
பொட்டலம் எங்கள் ரஞ்சு மீன்;
பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்த அன்று
சர்விகா வைத்த பெயர்.
செதில் போன இடத்தில்
தலையணை பிரிந்தாற்போல் பஞ்சு.
சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.
நினைக்கத்தான் விரும்பினேன்.

ஜெலுத்தோங்கில் ஆ ஹெங்
என் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"காயம் முதல்லே. பூஞ்சணம் அப்புறம் வந்து குடியேறும்.
தண்ணி எப்ப மாத்தினே?"
நான் விலையைக் கேட்டேன்.
எட்டு வெள்ளிக்கு ஒரு சின்னப் புட்டி.
சிக்கிட், சிக்கிட், என்று
கடை வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

சிவப்பு வாளி. பத்து லிட்டர்.
குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த நீர்.
கல்லுப்பு இரண்டு தேக்கரண்டி.
பிறகு சொட்டு.
நீலம் புகைபோல் இறங்கி
ஒரு கணம் வேர்விட்டு நின்று
வாளியை எடுத்துக்கொண்டது.
பொட்டலம் உள்ளே போனது. தெரியவில்லை.
மருந்துக்கு வெளிச்சம் ஆகாதென்று
கூடத்து விளக்கை அணைத்தோம்.
சர்விகா சமையலறையில் கணக்குப் போட்டாள்.
லீலா ஒன்றும் சொல்லவில்லை.
அது அவள் துணி அலசும் வாளி.

மறுநாள் ஈரத்துண்டில் அதைப் பிடித்தபோது
கை முழுக்கத் துடிப்பு.
யாருடையது என்று தெரியவில்லை.
காது குடையும் குச்சியில் அயோடின்,
செவுளில் படாமல், கண்ணில் படாமல்,
இருபது எண்ணுவதற்குள்.
பஞ்சால் பஞ்சை ஒற்றி எடுக்கிறேன்.
பதினாலில் அது வாயைத் திறந்தது.
பதினாலோடு விட்டுவிட்டேன்.

தொழிற்சாலையில் ரொஸ்லான் என் விரலைப் பார்த்தான்.
"எங்கே இடைத்தேர்தல்?"
"என் வீட்டு வாளியிலே."
"ஜெயிச்சது யாரு?"
"இன்னும் எண்றாங்க."

நான்காம் இரவு எனக்கு ஓய்வு,
அன்றைக்குப் பார்த்து ஃபார்லிம் முழுக்க மின்சாரம் போனது.
காற்றுப்பம்ப் நின்றதும்தான் தெரிந்தது
அது இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தது.
பதினோராம் மாடி இருட்டில்
குவளையால் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன்.
மொண்டு, ஊற்றி. மொண்டு, ஊற்றி.
கை கடுத்தபோது
யாரோ குவளையை வாங்கினார்கள்.
அரை மணி அவள், அரை மணி நான்.
இரண்டாவது முறை மாறும்போது கேட்டாள்:
"அந்தக் கல்லு எங்கே?"
"தூக்கிப் போட்டுட்டேன்."
பைக் பெட்டியில் மழைக்கோட்டுக்கு அடியில் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் தீனிக்கு வாய் வைத்தது.
ஆறிய இடம் பொன்னாய் வரவில்லை,
கறுப்பாய் வந்தது.
ஆறும்போது அப்படித்தான், பயப்படாதே, என்றார் ஆ ஹெங்.
நான் பயப்படவில்லை.
பொட்டலம் தொட்டிக்குத் திரும்பிய அன்று
பெட்டியைத் திறந்து, கல்லின் மறுபக்கத்தை
முதல்முறையாகத் தடவிப் பார்த்தேன்.
மெதுவாகத்தான். போதுமானதாக இருந்தது.

வாளியின் விளிம்பில் நீலம் போகவே இல்லை.
சர்விகாவின் வெள்ளைப் பள்ளிச்சட்டையில்
கழுத்தோரம் ஒரு தீற்று.
லீலா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
என்னைப் பார்த்தாள்.
"பினஃபோர் எப்படியும் நீலம்தானேம்மா,"
என்று சொல்லிவிட்டு அவள்
காலுறை தேடப் போனாள்.