பழுப்பு ஏறாத கருக்கள்

கின்சி வீதியில் மின்சாரம் போய் வந்த நேரம்
தட்டில் பதினொரு கண்ணாடிகள்.
ஒன்பதாவதின் ஓரத்தில் பென்சிலால் எண்.
ஆள் படிவத்தில் இருக்கிறாள்:
நஸ்மியா, நாற்பத்தாறு, மாளிகாவத்தை.
தொழில் துணிக்கடை. இடது சூலகம்.
பின்பக்கம் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்,
பன்னிரண்டு வருட வயிற்றுவலி,
மாதத்து வலிதானே என்று திருப்பி அனுப்பப்பட்டவள்.

பிறபொருளெதிரி ஊற்றி
ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும்.
அந்தப் புரதம் வேலைக்கு வந்திருந்தால் கரு பழுப்பாகும்.
வராவிட்டால் வெறும் நீலம்.
என் உத்தியோகம்
இந்த வரவுப் பதிவேடு எழுதுவது.

ஒரு கருவுக்குள் இரண்டு மீற்றர் நூல்.
கடைக்கணக்கில் சொன்னால்
ஒரு சல்வாருக்குக்கூடப் போதும் போதாது.
அதைக் கண்ணுக்குத் தெரியாத அறைக்குள் வைக்க
உருளை உருளையாகச் சுற்றியிருக்கிறது,
ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்று,
கொஞ்சம் விட்டு அடுத்தது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் பார்த்திருப்பீர்கள்,
கூரை முட்ட அடுக்கிய துணிச்சுருள்கள்.
முக்காலியில் ஏறி
கீழிருந்து ஏழாவதை உருவி
இரண்டு உதறலில் மேசை முழுக்க விரித்து
வாங்காதவர் போனதும் முகம் கோணாமல் சுருட்டுகிற ஒருத்தி.
கலத்துக்குள்ளும் அப்படி ஒரு கூட்டம் உண்டு,
ஒவ்வோர் இழுப்புக்கும் சக்தியில் கூலி வாங்கும்.
கண்ணுக்கும் ஈரலுக்கும் ஒரே கடைதான்.
எது விரிந்து கிடக்கிறது என்பதில்
ஒன்று பார்க்கிறது,
மற்றது பித்தம் சுரக்கிறது.

அவளைப் பற்றிய வரியிலேயே ஓர் எழுத்து உதிர்ந்தால்?
பிறகு வருவதெல்லாம் உளறல்.
இன்னொரு பிரதியும் எப்போதோ போயிருக்கும்.
'போதும், நிறுத்து' என்ற சுருள்
பின்வரிசையில் அப்படியே இருக்கிறது,
பூச்சி அரிக்கவில்லை, சாயம் போகவில்லை,
எடுத்துத் தர ஆளில்லை.
'பெருகு' மட்டும்
நடைபாதை வரை அவிழ்ந்து கிடக்கிறது.

நுணுக்குக்காட்டியில்
இரத்தக்குழாய்ச் சுவர் பழுப்பு.
நாரிழையம் பழுப்பு.
ஆகவே என் சாயம் சரி.
நடுவில், வயிறு தெளிந்த கலங்களில்
நீலம், நீலம்,
வெள்ளவத்தைக் கடலில்கூட இவ்வளவு இல்லை.

திரும்பவும் செய்தேன்.
பிழை என்னுடையதாக இருக்கட்டும் என்று
பதினாறு வருடத்தில் முதல்முறையாக வேண்டிக்கொண்டு.

டொக்டர் ஹேமச்சந்திர குனிந்து பார்த்துவிட்டு
'நெத்தி வெலா' என்றார்.
இல்லாமல் போய்விட்டது.
என் தமிழ்க் காதில் அது
நெத்தி என்றே விழுந்தது.
தலையெழுத்து என்று சொல்லித்தான்
அவள் வீட்டாரும் அழுவார்கள்.
எழுதியது நிறைய நல்லது, நஸ்மியா,
விரிக்கத்தான் ஆள் வரவில்லை.

ஆளில்லாத கடைகளுக்கென்றே
சில மருந்துகள் சோதனையில் இருக்கின்றனவாம்.
விலை அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை,
பத்தாவது கண்ணாடி காய்ந்துகொண்டிருந்தது.