கைப்பிடி போன கோப்பை

டிசம்பர் சம்பளத்தில்
நானூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.
உடைத்தது அவர்கள் வீட்டுப் பூனை.
சொல்லிப் பார்த்தேன்.
பூனைக்கு ஏது சம்பளம்,
பிடிப்பதற்கு?

"விலை கொடுத்தாச்சு மேம்சாப்,
கோப்பை இனி என்னுது" என்றேன்
எனக்குத் தெரிந்த இந்தியில்.
குப்பைக்கூடையில் கைவிட்டு எடுத்து
முந்தானையில் சுற்றி
திரிலோக்புரி பஸ் ஏறினேன்.

வாடகையில் நானூறு குறைகிறது.
பவுனக்கா இருநூறு தந்தாள்.
மீதிக்கு இன்னொரு வீடு பிடிக்கணும்,
நாலாம் மாடி,
லிஃப்ட்டில் எங்களை ஏற்றாத கட்டடம்.

கதவிடுக்கில் பனி நுழைகிற ராத்திரி.
இஞ்சி தட்டிப் போட்ட டீ.
கைப்பிடி இல்லை, அதனால்
இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கிறேன்.
சூடு
நேராக உள்ளங்கைக்கு வருகிறது.

சும்மா சொல்லக்கூடாது,
நல்ல கோப்பை.